கீழே கடை, மேலே வீடு: சுயசான்று கட்டிட அனுமதி போதுமா?

ஊசிநூல் (கேள்வி)

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி எல்லைக்குள் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் 30க்கு 50 அடி மனை இருக்கிறது. முன்னால் 7 மீட்டர் சாலை. மனை அம்மா பெயரில். தையல் கடை என் பெயரில், தனிநபர் நிறுவனம்; உத்யம் (சிறுதொழில்) பதிவும் ஜிஎஸ்டியும் உண்டு. தரைத்தளத்தில் முன்பக்கம் 350 சதுர அடி கடை, அதற்குப் பின்னால் சின்ன வீடு, மாடி முழுக்க வீடு என்று திட்டம். மொத்தம் 1,750 சதுர அடி வரும். கடையில் மூன்று மெஷின், வேலைக்கு இரண்டு பேர்.

வரைபடம் போடுபவர் சொல்வது: "முழுக்க வீடு என்று காட்டி சுயசான்று அனுமதி எடுத்துவிடலாம், அன்றைக்கே கைக்கு வந்துவிடும். முன்னால் ஜன்னல் காட்டுவோம், கட்டி முடிந்ததும் ஷட்டர் போட்டுக்கொள்ளுங்கள்." இது சரியா? விண்ணப்பம் கடையின் பெயரில் போடுவதா, என் பெயரிலா, அம்மா பெயரிலா? எந்த வரிசையில் போனால் திரும்பத் திரும்ப அலையாமல் முடியும்?

வரைமேசை

சுயசான்று வேண்டாம் மேடம். காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன்.

2024 ஜூலை 22இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம், முதல் தளம் மட்டும் கொண்ட வீடுகளுக்காக வந்தது. உயரம் 7 மீட்டருக்குள். உங்கள் மனையும் பரப்பும் அதற்குள் அடங்கும். ஆனால் அது குடியிருப்புக்கு மட்டும். ஆய்வுக் கட்டணம் இல்லை, அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் என்ற காத்திருப்பும் இல்லை. அந்தச் சலுகையெல்லாம் நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழியை நம்பித் தருவது. "குடியிருப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கடை கட்டினால் தவறான உறுதிமொழி ஆகிவிடும், அனுமதியே ரத்தாகலாம். வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியாளரின் பதிவுக்கும் ஆபத்து. பொறுப்பான பொறியாளர் யாரும் இதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

சட்டத்தை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்தாலும் "ஜன்னல் காட்டி ஷட்டர் போடுவது" கட்டுமானத்திலேயே தப்பு. சுமைதாங்கும் சுவராகக் கட்டி, பிறகு 10 அடி அகலத்துக்கு உடைத்தால் மேலே இருக்கும் மாடிச் சுவரின் எடை எங்கே இறங்கும்? தூண், பீம் கட்டமைப்பாக இருந்தாலும், ஷட்டர் திறப்பின் இரு பக்கமும் தூண் எங்கே நிற்கிறது என்பது அடித்தளம் போடும்போதே முடிவாக வேண்டும். ஷட்டர் சுருளுக்கு மட்டும் திறப்புக்கு மேலே ஒன்றேகால் அடி முதல் ஒன்றரை அடி வரை இடம் கேட்கும். வீட்டுக்கான 10 அடி உயரத்தில் அது அடங்காது. கடைசியில் ஷட்டர் வெளியே துருத்திக்கொண்டு செட்பேக்குக்குள், அதாவது காலியாக விட வேண்டிய இடைவெளிக்குள், வரும்.

உயரக் கணக்கையும் பாருங்கள். தரைமட்டத்திலிருந்து அடித்தள மட்டம் (பிளிந்த்) இரண்டரை அடி, கடைத் தளம் தரையிலிருந்து அடுத்த தளத்தின் தரை வரை பதினொன்றரை அடி, மாடி கான்கிரீட்டோடு பத்தரை அடி. கூட்டினால் 24.5 அடி, அதாவது சுமார் 7.47 மீட்டர். சுயசான்றின் 7 மீட்டர் வரம்பு அப்போதே போயிற்று. சாதாரண அனுமதியிலும் 7 மீட்டர் ஒரு முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் பக்கவாட்டு இடைவெளி கூடும். 30 அடி அகல மனையில் பக்கத்துக்கு அரை மீட்டர் போனால் அறையின் அகலமே போய்விடும். ஆகவே கடைக்கு அடித்தளத்தை ஒன்றரை அடியாகக் குறைத்து, பின்னால் உள்ள வீட்டுக்கு மட்டும் இரண்டரை அடி வைக்கலாம். மாடி உயரத்தைப் பத்தேகால் அடியாக்கி, கடைத் தளத்தைப் பதினோரு அடிக்குள் கொண்டுவந்தால் கூட்டுத்தொகை 22¾ அடி, அதாவது 6.93 மீட்டர். மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும் இடமாக இருந்தால் மட்டும் கடையின் தரையை இவ்வளவு தாழ்த்தாதீர்கள்.

முதலில் செய்ய வேண்டியது, அந்த மனையில் கடை அனுமதிக்கத்தக்கதா என்று பார்ப்பது. சர்வே எண்ணைச் சொல்லி மாஸ்டர் பிளானில் எந்த உபயோக மண்டலம் என்று கேளுங்கள். முதன்மைக் குடியிருப்பு மண்டலத்தில் அன்றாடத் தேவைக்கான சிறு கடைகளும் ஒருவர் மட்டும் நடத்தும் தையல் கடையும் அனுமதிப் பட்டியலிலேயே இருக்கின்றன. உங்களிடம் வேலைக்கு ஆள் இருப்பதால் "ஒருவர் தையல் கடை" என்ற வரிக்குள் நீங்கள் வரவில்லை. கலப்புக் குடியிருப்பு மண்டலம் அல்லது வணிக மண்டலமாக இருந்தால் கவலை இல்லை. அடுத்து, மனைப்பிரிவின் அங்கீகார வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சில மனைப்பிரிவுகளில் கடைகளுக்கென்றே சில மனைகளைத் தனியாகக் குறித்திருப்பார்கள். உங்கள் மனை எண் எதில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். இந்த இரண்டையும் பார்க்காமல் வரைபடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

முன்பக்க இடைவெளி 7 மீட்டர் சாலைக்கு 1.5 மீட்டர். கடைப் படி, சாய்தளம், பெயர்ப்பலகை எல்லாம் இதற்குள்தான் முடிய வேண்டும். வடிகால் மீது பலகைக்கல் போட்டு அதில் படியைத் தொடங்குவது பொதுத் தெரு ஆக்கிரமிப்பு. ஒன்றரை அடி உயரத்துக்கு மூன்று படி போதும். சக்கர நாற்காலிச் சாய்தளம் 1க்கு 12 என்ற விகிதத்தில் 18 அடி நீளம் கேட்கும். நேராக வைக்க இடமில்லை, ஆனால் 30 அடி முகப்பில் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடவிடலாம். தையலுக்கு வயதானவர்களும் வருவார்கள், இதை விடாதீர்கள்.

பத்திரவாசகன்

பெயர் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றது மேலே இருப்பவர் சொன்னதே.

தனிநபர் நிறுவனம் என்பது சட்டப்படி உங்களிடமிருந்து தனியான ஆள் அல்ல. பான் எண்ணும் உங்களுடையதே. ஆகவே கடைப் பெயரில் கட்டிட அனுமதி என்ற பேச்சே இல்லை. அனுமதி நில உரிமையாளருக்குத்தான் தரப்படும். மனை அம்மா பெயரில் இருப்பதால் விண்ணப்பதாரர் அம்மாதான். நீங்கள் அலைந்து செய்வதென்றால் பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரம் வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிய சம்மதக் கடிதத்தை ஏற்க மாட்டார்கள். அம்மாவே வந்து கையெழுத்திட முடியுமென்றால் அந்தப் பத்திரமே தேவையில்லை, அதுதான் எளிது.

"மனையை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு பிறகு போடலாமா" என்று அடுத்து கேட்பீர்கள். தான செட்டில்மென்ட் செய்வதென்றால் விண்ணப்பத்துக்கு முன்பே செய்து, பட்டாவும் மாறிய பிறகு போடுங்கள். விண்ணப்பம் பாதியில் இருக்கும்போது உரிமையாளர் மாறினால் எல்லாக் கோப்புகளிலும் பெயர் முரண்படும். வங்கிக் கடன் வேண்டுமென்றால் இதை இன்னும் கவனியுங்கள். நிலம் அம்மாவுடையது, தொழில் வருமானம் உங்களுடையது என்றால் வங்கி இருவரையும் சேர்த்தே கையெழுத்துக் கேட்கும்.

ஆவணங்களில் பிழை எங்கே வருமென்றால், பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் ஒரு அளவு, மனையில் நாடா பிடித்தால் ஒரு அளவு. 30க்கு 50 என்பது 1,500 சதுர அடி, கிட்டத்தட்ட 3.44 சென்ட். பட்டாவில் ஆர், சதுர மீட்டர் கணக்கில் 139.35 சதுர மீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றில் எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால் இடத்தில் அளந்த அளவை வைத்துத்தான் வரைபடம் போட வேண்டும், பத்திர அளவை நம்பிப் போட்டால் பக்க இடைவெளி அடிபடும். பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். நகராட்சிக்குள் என்பதால் நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் புல வரைபடமும் கேட்பார்கள். இவற்றோடு கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், சமீபத்திய வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகார ஆணையின் நகல், காலிமனை வரி ரசீது. காலிமனை வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாக்கி இருந்தால் அங்கேயே நின்றுவிடும், பழைய அரையாண்டுகளையும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால் கட்டிட அனுமதிக்கு முன்னால் மனை வரன்முறை (அங்கீகாரமற்ற மனையை முறைப்படுத்துவது) வேண்டும். 2017 விதிகளின்படி 2016 அக்டோபர் 20ஆம் தேதியோ அதற்கு முன்போ பதிவான மனைகளுக்குத்தான் அந்த வழி. அதற்குப் பிறகு வாங்கிய அங்கீகாரமற்ற மனையைக் காட்டி "அனுமதி வாங்கித் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

மூன்றுபேஸ்

அனுமதி கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஈபி, சொத்து வரி, தொழில் உரிமம் மூன்றிலும் அதே வரைபடத்தைத்தான் திரும்பக் கேட்பார்கள்.

கட்டும்போது தற்காலிக இணைப்பு தனி, கட்டணப் பட்டியலில் ஆறாம் வகை. கட்டி முடிந்ததும் வீட்டுக்கு 1-ஏ, கடைக்கு ஐந்தாம் வகை, இரண்டுக்கும் தனித்தனி மீட்டர். தனி மீட்டர் தர வேண்டுமென்றால் கடையும் வீடும் தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும். நடுச்சுவரில் கதவு வைத்து உள்ளேயே போய் வருவது போல இருந்தால் ஒரே வளாகம் என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் வரைபடத்தில் கடைக்குப் பின்னால் வீடு இருப்பதால் இதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கவாட்டில் தனி வழி, கடைக்கு முன்வழி, மீட்டர் பலகை இரண்டும் வெளியிலிருந்து படிக்கும்படி ஒரே இடத்தில்.

வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு ஒயர் இழுப்பது 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் வரும். அனுமதித்த பயன்பாட்டுக்கு மாறாக ஓட்டியது என்று கணக்கிட்டு, உரிய கட்டணத்தின் இரு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கு. ஒரு சின்னக் கடைக்கு அந்தத் தொகை பெரிய அடி.

பணி நிறைவுச் சான்றைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டுக் குடியிருப்புகளுக்குள், 750 சதுர மீட்டருக்குள், 14 மீட்டர் உயரத்துக்குள் உள்ள குடியிருப்புக் கட்டிடங்களுக்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. கடை கலந்த கட்டிடம் "குடியிருப்பு" என்ற பெயரில் அந்த விலக்குக்குள் தானாக நுழைந்துவிடாது. விதிகளில் திருத்தம் அடிக்கடி வருகிறது. அதனால் உங்கள் அனுமதி ஆணையின் நிபந்தனைப் பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். அதில் நிறைவுச் சான்று கேட்டிருந்தால் அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்புக்குப் போக வேண்டாம்.

ஜிஎஸ்டியில் புதிய முகவரி சேர்க்க அம்மாவின் சம்மதக் கடிதமும், அவர் பெயரில் உள்ள சொத்து வரி ரசீது அல்லது மின் கட்டண ரசீதும் போதும். வாடகை ஒப்பந்தம் கட்டாயமில்லை. ஆக சொத்து வரிப் பெயர் அம்மாவுடையது என்றால் மீட்டரும் அம்மா பெயரிலேயே இருக்கட்டும். இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர் என்று வைக்காதீர்கள்.

ஊசிநூல்

மூவருக்கும் மிக்க நன்றி. மாஸ்டர் பிளானில் கலப்புக் குடியிருப்பு என்றுதான் இருக்கிறது, அங்கீகார வரைபடத்திலும் எங்கள் மனைக்குத் தடை எதுவும் எழுதவில்லை. இரண்டு சந்தேகம். கட்டணம் எவ்வளவு கூடும்? கட்டும்போது சின்ன மாற்றம் வந்தால், உதாரணமாக மாடிப்படியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றினால், மறுபடி அனுமதி வாங்க வேண்டுமா?

வரைமேசை

கலப்புக் குடியிருப்பு என்றால் நல்லது. அப்படியானால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் "குடியிருப்பும் வணிகமும்" என்று உள்ளதை உள்ளபடி காட்டிப் போடுங்கள். கடைப் பரப்பைத் தனியாக, வீட்டுப் பரப்பைத் தனியாக வரைபடத்தின் பரப்பு அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள். வரைபடக் கோப்பை மென்பொருள்தான் முதலில் படிக்கும். மனை எல்லை, கட்டிட எல்லை, செட்பேக், தளம், சாலை எல்லாம் கோப்பில் அதற்குரிய அடுக்கில் (லேயர்) இல்லையென்றால் விதி மீறல் எதுவும் இல்லாமலேயே திரும்பி வரும். திரும்பி வரும் கோப்புகளில் நிறைய இந்த ரகம்தான். மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003 முதல் கட்டாயம், அதை வரைபடத்தில் குழியின் இடத்தோடு காட்ட வேண்டும். கழிவுநீர்த் தொட்டியையும் அப்படியே. வாகன நிறுத்தத்தை வீட்டுக்குத் தனி, கடைக்குத் தனி என்று கணக்கிட்டுக் காட்டுங்கள். முன்பக்க 1.5 மீட்டரில் காரை நிறுத்திக் காட்ட முடியாது, அதனால் கடைப் பரப்பை 350இலிருந்து கொஞ்சம் சுருக்க வேண்டி வரலாம்.

கட்டணத்தில் ஆய்வுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், உள்ளாட்சியின் கட்டிட உரிமக் கட்டணம், தொழிலாளர் நல நிதி என்று தனித்தனி வரிகள் வரும். தொழிலாளர் நல நிதி கட்டுமான மதிப்பில் 1 சதவீதம், அந்த மதிப்பைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று அலுவலகமே வைத்துக் கணக்கிடும். வணிகப் பரப்புக்கு விகிதம் அதிகம், ஆனால் அது 350 சதுர அடிக்கு மட்டும். மீதி 1,400 சதுர அடிக்கு வீட்டு விகிதம்தான். பரப்பு அட்டவணையைப் பிரித்து எழுதச் சொன்னது இதற்காகவும்தான், பிரிக்காமல் போட்டால் மொத்தத்துக்கும் வணிக விகிதம் விழ வாய்ப்பிருக்கிறது. கேட்புச் சீட்டு வந்ததும் ஒவ்வொரு வரியிலும் பரப்பு சரியா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மாடிப்படி கேள்வி நல்ல கேள்வி. உள்ளே ஒரு தடுப்புச் சுவர் நகர்வது வேறு. வெளிப்புற எல்லை, உயரம், தளப் பரப்பு, பயன்பாடு ஆகிய நான்கில் ஒன்று மாறினாலும் திருத்திய வரைபடம் வாங்கிய பிறகே கட்ட வேண்டும். வெளிப்படி இடம் மாறினால் அந்தப் பக்கத்து இடைவெளி மாறும், ஆகவே அது நான்கில் முதலாவதில் விழுகிறது. படியை வீட்டுக்குள்ளேயே வைத்தால் தொல்லை குறைவு, ஆனால் பின் வீட்டுக்கும் மாடிக்கும் ஒரே வழியாகிவிடும். அதை வீட்டில் உட்கார்ந்து பேசி, விண்ணப்பத்துக்கு முன்பே முடிவெடுங்கள்.

விலகல் பெரும்பாலும் கொத்தனார் முதல் நாள் கயிறு கட்டும்போதே தொடங்கிவிடுகிறது. அடுத்த மனைக்காரரின் மதில் சுவரை எல்லை என்று நினைத்து அளந்துவிடுவார்கள். அவர் சுவர் அரை அடி உங்கள் பக்கம் வந்திருந்தால் உங்கள் கட்டிடம் அரை அடி தள்ளிப்போகும், மறுபக்கம் இடைவெளி குறையும். சர்வேயரை வைத்து எல்லைக் கல்லை நட்டுவிட்டு, தூண் மையங்களைக் குறித்த அன்றும், பிளிந்த் பீம் போடுவதற்கு முன்பும் நான்கு பக்கமும் அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பிளிந்த் மட்டத்தில் பிழை தெரிந்தால் சில தூண்களோடு போகும், கான்கிரீட் தளம் போட்ட பிறகு தெரிந்தால் திருத்த வழியே இல்லை.

பத்திரவாசகன்

ஒரு சேர்க்கை. அனுமதி ஆணையையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் அச்செடுத்துக் கட்டுமான இடத்தில் வைத்திருங்கள். யாராவது புகார் கொடுத்து அதிகாரி வந்தால் அங்கேயே காட்டலாம். விலகல் இருந்தால் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் அறிவிப்பும், 57ஆம் பிரிவில் வேலை நிறுத்த உத்தரவும் வரும். அறிவிப்பு வந்தால் வாங்க மறுக்கக் கூடாது, மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு நாளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அரசுக்கு மேல்முறையீடு செய்ய 80-ஏ பிரிவு இருக்கிறது.

மூன்றுபேஸ்

வரிசையையும் கேட்டிருந்தீர்கள். மண்டலம் பார்த்தாயிற்று. இனி சர்வேயர் அளவு, காலிமனை வரி, பட்டா சரிபார்ப்பு, அதன்பின் வரைபடம், விண்ணப்பம், கட்டணம், ஆணை. ஆணை வந்த பிறகு தற்காலிக மின் இணைப்பு, ஆழ்துளைக் கிணறு (போர்). கூரைத் தளம் போட்டதும் மின் குழாய் பதிக்கும்போதே கடைக்கும் வீட்டுக்கும் தனி மெயின் குழாய் இழுத்துவிடுங்கள், பூச்சுக்குப் பின் உடைக்க வேண்டாம். தண்ணீர், பாதாளச் சாக்கடை இணைப்புக்குச் சாலையைத் தோண்டத் தனி அனுமதி வேண்டும். மழைக்காலத்தில் அதைத் தர மாட்டார்கள், அதற்கு முன்பே கேட்டு வையுங்கள். கட்டி முடிந்ததும் சொத்து வரி மதிப்பீடு, கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனியாக. அந்த ரசீதோடு நிரந்தர மீட்டர், கடைசியில் தொழில் உரிமமும் ஜிஎஸ்டி முகவரி மாற்றமும். உத்யமில் முகவரியை மாற்ற மறக்க வேண்டாம், கடன் கேட்டுப் போகும்போது இரண்டு முகவரி இருந்தால் வங்கியில் நிறுத்துவார்கள்.